அந்தியேட்டி முடியட்டும் என்று காத்திருந்தவர்கள்

செத்துப்போன முதலாளியிடம் சம்பளப் பாக்கி உள்ளவர்கள் எங்கள் கந்தோருக்குப் பெரும்பாலும் பிந்தித்தான் வருவார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சில வேளை இரண்டு வருஷம் கழித்து. ஏன் இவ்வளவு நாள் இருந்தீர்கள் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். "செத்த வீட்டிலை காசுக் கதை கதைக்கிறதே ஐயா? அந்தியேட்டி முடியட்டும் எண்டு இருந்தனான்."

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். அது முடிந்த கையோடு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் விமானம் ஏறிவிடுவார்கள். "பிள்ளையள் ஆட்டைத் திவசத்துக்குத் திரும்பவும் வருவினம், அப்ப கேப்பம்" என்று பாக்கி உள்ளவர் இருப்பார். ஆட்டைத் திவசம் வருகிறபோது சட்டம் தந்த ஒரு வருஷமும் முடிந்திருக்கும்.

அந்தச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கைத்தொழிலாளர், கூலியாட்கள், வேலைக்காரர் ஆகியோரின் சம்பளத்துக்கு வழக்குப் போடுவதென்றால், கடன் கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. கடை நிலுவைக்கும் அதே ஒரு வருஷம்தான். எழுத்தில் இல்லாத மற்ற உடன்படிக்கைகளுக்கு மூன்று வருஷம், எழுத்தில் உள்ளவற்றுக்கு ஆறு வருஷம். உழைத்தவனுக்குத்தான் ஆகக் குறைந்த காலம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஒரு வருஷக் காலம் முதலாளி செத்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, ஒவ்வொரு மாதச் சம்பளமும் முற்றிய நாளிலிருந்து தொடங்குகிறது. பத்து வருஷப் பாக்கியோடு வருகிற ஒருவருக்கு, வேறு ஆதாரம் ஒன்றும் இல்லாவிட்டால், கடைசிப் பன்னிரண்டு மாதத்தைத்தான் கேட்கலாம். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க எனக்கு எந்தக் காலத்திலும் மனம் வந்ததில்லை.

நான் சட்டத்தரணி அல்ல, கிளாக்கர். பிறந்து வளர்ந்தது வல்வெட்டித்துறையில், வேலை பருத்தித்துறைக் கோட்டடியில். 1974இல் சேர்ந்தேன். புறக்கிராசி, அப்புக்காத்து என்று இரண்டாக இருந்த தொழிலை ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி என்று சட்டம் அழைக்கத் தொடங்கிய வருஷம் அது. என்னைச் சேர்த்துக்கொண்ட ஐயாவை ஊர் கடைசிவரை புறக்கிராசியார் என்றுதான் கூப்பிட்டது. கட்சிக்காரர் முதலில் வந்து உட்காருவது கிளாக்கரின் மேசைக்கு முன்னால். ஐயாவிடம் சொல்லக் கூசுவதை எங்களிடம் சொல்வார்கள். அதனால் இந்த விஷயத்தில் சட்டப் புத்தகத்தில் இல்லாத பக்கமும் எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் வல்வெட்டித்துறை, பொலிகண்டி, தொண்டைமானாறு வியாபாரிகளிடம் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை முதலாளியிடமே விட்டுவைப்பார்கள். மகளின் கலியாணத்துக்கு ஒரேயடியாக வாங்கலாம் என்பது எண்ணம். வங்கியைவிட முதலாளியை நம்பினார்கள். பெரும்பாலான முதலாளிமாரும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றவர்களாகவே இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சிக்கல் வந்ததெல்லாம் அவர்கள் செத்த பிறகுதான்.

ஒரு கணக்கப்பிள்ளையின் வழக்கு இப்போதும் நினைவில் நிற்கிறது. சுருட்டு, புடவை, பலசரக்கு என்று பல தொழில் செய்த ஒரு வியாபாரியிடம் இளம் வயதில் சேர்ந்தவர். முதலாளி திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கணக்கப்பிள்ளையின் பெயரில் பேரேட்டில் ஒரு பக்கம் இருந்தது. பற்றும் வரவும் முதலாளியின் சொந்தக் கையெழுத்தில். வருஷா வருஷம் நிலுவை கட்டி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். ஆனால் ஒரு பக்கத்திலும் கையொப்பம் இல்லை.

ஐயா அந்தப் பேரேட்டை ஒரு முழு இரவு வைத்திருந்து பார்த்தார். மறுநாள் எனக்குச் சொல்லித் தந்தது இது. இதைச் சம்பளம் என்று எழுதினால் ஒரு வருஷத்தோடு நின்றுவிடும். சம்பளம் மாதா மாதம் வரவு வைக்கப்பட்டுத் தீர்ந்துவிட்டது, அதன் பிறகு முதலாளி கையில் இருந்தது கணக்கப்பிள்ளை நம்பி ஒப்படைத்த காசு என்று எழுதினால் வேறு பிரிவுக்குள் போகும். செத்தவர் தனக்கே பாதகமாகத் தன் கையால் எழுதிவைத்தது சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் சாட்சியாக வரும். ஆனால் கணக்குப் புத்தகம் மட்டும் ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்துணை வேண்டும். ஆகவே அவர் வழக்குப் போட அவசரப்படவில்லை. மூத்த மகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மகன் நல்ல மனுசன். பேரேட்டைப் பார்த்ததும், "இது அப்பான்ரை எழுத்துத்தான். அண்ணைக்குக் குடுக்க வேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஐயா விடவில்லை. "தம்பி, சொன்னது போதாது, இதிலை ஒரு கையெழுத்து வையும்" என்று பேனாவைக் கொடுத்தார். ஏனென்றால் காலாவதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வாய்ச்சொல்லால் கடனை ஒப்புக்கொண்டது கணக்கில் வராது. எழுத்தில், கடன்பட்டவரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அல்லது ஒரு பகுதியையாவது கொடுத்திருக்க வேண்டும். மகன் ஒப்பமிட்டார், ஒரு சிறு தொகையும் கொடுத்தார். இங்கிலாந்தில் இருந்த தம்பி "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று எழுதினார். ஒருவர் வைத்த கையெழுத்து மற்றவரைக் கட்டாது. கடைசியில் மூத்தவரின் பங்கு அளவுக்கு முழுதாகவும், இளையவரிடமிருந்து பேசி ஒரு பகுதியும் வந்தது. கணக்கப்பிள்ளையின் மகளின் கலியாணம் நடந்தது.

கணக்கப்பிள்ளைக்கு எழுதத் தெரிந்தது, பேரேடு இருந்தது. அப்படி வாய்க்காதவர்களே அதிகம்.

செத்தவரின் கடன் அவரோடு போய்விடும் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது பிழை. கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் நிற்கிறது. முதலில் ஈமச் செலவு, அடுத்தது கடன்கள், மிஞ்சினால்தான் உரித்தாளர்களுக்குப் பங்கு. சொத்துப் பெரிதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ரெஸ்ரமென்ரறி வழக்குப் போட வேண்டும். மரணசாதனம் இருந்தால் அதில் குறித்தவரும் இல்லாவிட்டால் குடும்பத்தில் ஒருவரும் நிருவாகியாக வந்து சொத்து விபரப் பட்டியல் கொடுப்பார். அந்த விபரத்தில் கடன்களும் வர வேண்டும். சம்பளப் பாக்கி உள்ளவர் நிருவாகிக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்பி, அதன் பிரதியை வழக்கேட்டிலும் சேர்ப்பிக்க வேண்டும். சின்னச் சொத்தென்றால் வழக்கே இராது. அப்போது சொத்தை ஏற்று அனுபவிக்கிற உரித்தாளர்களை, அவர்கள் எடுத்த அளவுக்குப் பொறுப்பாக்கி வழக்காட வேண்டும்.

இதெல்லாம் சொத்து இருந்தால்தானே. வல்வெட்டித்துறையில் நான் கண்ட பெரிய இடைஞ்சல் அதுதான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மாடி வைத்த வீடு, இரும்புக் கேற், முற்றத்தில் கார் என்று நிற்கும். முதலாளியின் வீடு என்றுதான் ஊர் சொல்லும். காணிக் கந்தோரில் பதிவு தேடினால் அது மனைவியின் சீதன உறுதி. தேசவழமைப்படி சீதனம் அவளின் தனிச்சொத்து, கணவன் பட்ட கடனுக்கு அதைத் தொட முடியாது. கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டத்திலும் ஒரு பாதி அவளுக்கு. மீதியைச் செத்தவர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நன்கொடை உறுதி முடித்து, தனக்குச் சீவிய உருத்து மட்டும் வைத்திருப்பார். சாகும்போது சீவிய உருத்தும் முடிந்துவிடும். ஊரே பணக்காரன் என்று சொன்ன மனுசனின் பெயரில் தேடிப் பார்த்தால், பங்குக் கிணறும் வெறும் வளவில் ஒரு துண்டும் இருக்கும். கடன்காரரை ஏமாற்றத்தான் உறுதி முடித்தார் என்று நிரூபித்தால் அதை ரத்துச் செய்யலாம். ஆனால் அந்த நிரூபணம் ஒரு கூலித் தொழிலாளியால் செய்யக்கூடியதல்ல. ஆகவே யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "முதலாளியின்ரை பேரிலை என்ன இருக்கு?" எவ்வளவு பாக்கி என்பது அதற்குப் பிறகு.

கடலில் போனவர்களின் கதை வேறு. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் பாய் விரித்துப் போன அன்னபூரணி எங்கள் கரையில் கட்டப்பட்டது. அந்த மரபில் கப்பலோட்டிய பழைய தண்டல்மார் சிலரை என் இளமையில் எனக்குத் தெரியும். சம்பளத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு நிச்சயம் இருந்தது. சொந்தக்காரன் செத்தாலென்ன, கப்பல் நிற்கிறதே என்பார்கள். சட்டமும் அதையேதான் சொல்கிறது. கப்பலாளின் சம்பளம் கப்பலைப் பற்றிய கடன். கப்பல் கைமாறினாலும் அது கூடவே போகும். 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் கப்பலையே பிரதிவாதியாக்கி மறித்துவைக்கலாம். பிற்காலத்தில் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்த எங்கள் பொடியன்மாருக்கு இந்த ஏற்பாடு பெரிய பாதுகாப்பு.

கரையில் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் தொழில் செய்கிறவருக்கு இந்த வழி இருந்தும் இல்லை. கொழும்புக்குப் போய் வழக்காடும் செலவு அவருடைய பாக்கியைவிடக் கூட. அத்தோடு அவர் வாங்குவது பங்கு. விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு எடுத்து, மிஞ்சியதைத் தொழிலாளிகளுக்குப் பிரிப்பார்கள். அது சம்பளமா கூட்டா என்று கோட்டில் தொடங்கினால் வள்ளம் உக்கிப்போகும். இவற்றைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கள் என்று நானே அனுப்பியிருக்கிறேன். ஆரிடம் எவ்வளவு பங்கு நிற்கிறது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். வள்ளம் விற்கப்படும் முன் சங்கம் தலையிட்டால் காசு வந்துவிடும்.

பிறகு போர் வந்தது. 1987 மே மாத இறுதியில் வடமராட்சி மேல் இராணுவ நடவடிக்கை. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி இந்தியப் படை வல்வெட்டித்துறையில் செய்த படுகொலை உலகம் அறிந்தது. ஆட்கள் போனார்கள், கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்தவற்றோடு பேரேடுகளும் துண்டுகளும் உறுதிகளும் போயின. செத்தது முதலாளியா தொழிலாளியா என்று பிரிக்க முடியாத அந்த நாட்களில் ஆர் போய்ப் பாக்கி கேட்பது? அரச நீதிமன்றம் இயங்காத வருஷங்கள் வந்தன. 1993இல் புலிகள் தங்கள் நீதிமன்றங்களைத் தொடங்கியபோது சிலர் அங்கே போனார்கள். அந்தத் தீர்ப்புகளை 1996க்குப் பிறகு ஒரு கோட்டிலும் காட்ட முடியவில்லை.

அந்தக் காலத்தின் வழக்குகள் எங்களிடம் வந்தது 2009க்குப் பிறகுதான். முதலாளி தமிழ்நாட்டில் அகதியாக இருந்து காலமாகியிருப்பார். அல்லது காணாமல் போயிருப்பார். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் இல்லை. அப்போது சான்றிதழ் இல்லாமல் அவருடைய சொத்தை ஆரும் நிருவகிக்க முடியவில்லை, கடனை ஆரிடமும் கேட்கவும் முடியவில்லை. ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு இறப்பைப் பதிய வழி செய்தது. ஆனால் எந்தத் தாய், எந்த மனைவி அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பாள்? அவள் சான்றிதழை வாங்காதவரை அந்தக் கடையில் வேலை செய்தவரின் கோரிக்கையும் நின்றது. அவளை வற்புறுத்தும்படி ஒரு கட்சிக்காரருக்கும் நாங்கள் சொன்னதில்லை.

2016இல் போர்க்காலத்தில் கோட்டுக்குப் போக முடியாதவர்களுக்காகக் காலாவதி பற்றிய விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தபோது எங்கள் கந்தோர் வாசலில் ஆட்கள் சேர்ந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை விட்டுக்கொடுக்கும் சட்டம் என்று பத்திரிகையில் படித்துவிட்டு வந்தவர்கள். அதைத் தமிழில் வாசித்துச் சொன்னது நான். அந்தச் சட்டம் காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும். காணி இழந்தவனுக்கு அந்த இருபத்தாறு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள், கூலி இழந்தவனுக்கு ஒரு மாதத்தைத்தானும் கொடுக்கவில்லை. இது அநியாயம். அன்று வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை.

இனிச் சொல்லப்போவது பலருக்குக் கோபம் வரக்கூடியது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மலையகத்திலிருந்து சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்து வேலைக்கு வைத்திருந்தோம். அப்படி அறுபதுகளில் வந்து ஒரே வீட்டில் வளர்ந்து, அங்கேயே நரைத்த ஒரு பெண். வீட்டு அம்மா படுக்கையில் விழுந்தபோது கழுவித் துடைத்ததும், ஷெல் விழுந்தபோது தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியதும் அவள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அம்மா கண்மூடி அந்தியேட்டி முடிந்ததும் வீட்டை விற்க ஆயத்தம் நடந்தது. அவளிடம் ஒரு துண்டும் இல்லை. இவ்வளவு சம்பளம் என்று ஒருவரும் எப்போதும் சொல்லியிருக்கவில்லை. "சாப்பாடும் உடுப்பும் குடுத்துப் பிள்ளை மாதிரித்தானே வளர்த்தம்" என்றார் மூத்த மகள். பிள்ளை மாதிரி என்றால் பிள்ளைக்குரிய பங்கு எங்கே என்று ஐயா திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

வீட்டு வேலைக்குச் சம்பளச் சபை இல்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வீட்டு வேலைக்காரரை வெளியே விட்டுவிட்டது. ஒரு கடைச் சிப்பந்திக்கு முதலாளி 12 வீதமும் அவர் 8 வீதமும் கட்டிச் சேருகிற காசு இவளுக்குச் சேரவே இல்லை. செய்த வேலைக்கு நியாயமான கூலி என்றுதான் கேட்கலாம். அதற்கும் 8ஆம் பிரிவின் ஒரு வருஷம்தான். வீடு விற்க முடியாமல் இழுபடும் என்ற பயத்தில் பிள்ளைகள் ஒரு வருஷச் சம்பளத்தைத் தந்தார்கள். ஒரு முழு ஆயுளுக்கு அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு வவுனியாவில் குடியேறியிருந்த தங்கையிடம் போனாள். எங்களிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்துக்குப் பராமரிப்புக்கு வரும் பெண்கள் வந்திருக்கிறார்கள். தகப்பனோ தாயோ தனியே இங்கே, மகன் ரொறொன்ரோவில். மாதச் சம்பளம் பேசுவது மகன், காசு வருவது தகப்பனின் வங்கிக் கணக்குக்கு, எடுத்துக் கொடுப்பது தகப்பன். தகப்பன் செத்த அன்று வங்கி கணக்கை நிறுத்திவிடும். அவர் கொடுத்திருந்த அற்றோணித் தத்துவமும் அவரோடு முடிந்துபோகும், அதை வைத்திருப்பவர் அதன் பிறகு ஒரு சதமும் தொட முடியாது. பெண் வந்து செத்தவரின் சொத்திலிருந்து பாக்கி வேண்டும் என்பாள். நான் கேட்பேன்: "பிள்ளை, உன்னை வேலைக்கு வைச்சது ஆர்?" வைத்தவர் மகன் என்றால், கடனாளி உயிரோடு இருக்கிறார். செத்தவரின் சொத்தைத் தேடி அலையத் தேவையில்லை. வைபரில் வந்த "அடுத்த மாதம் சேர்த்துப் போடுறன் அக்கா" என்ற ஒரு வரி பழைய பேரேட்டின் வேலையைச் செய்யும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு இலத்திரனியல் பதிவுக்கும் சட்டத்தில் மதிப்பு உண்டு. கைத்தொலைபேசியை மாற்றுகிறவர்கள் பழையதை அழிக்காமல் வைத்திருங்கள். அப்படி அழித்ததால் கைவிட வேண்டி வந்த கோரிக்கைகள் உண்டு.

வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலாளி உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும்போதே, வருஷத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலோடு என்றாலும், பாக்கி எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. முதலாளி செத்துவிட்டால் எட்டுச் செலவு முடிந்த மறுநாளே ஒரு பதிவுத் தபால் போடுங்கள், ஆனால் அந்தக் கடிதம் வருஷத்தை நிறுத்தாது என்பதையும் மறவாதீர்கள். உரித்தாளர் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் எழுத்து வாங்க வேண்டும். தராவிட்டால் வருஷம் முடிய முன் வழக்கு.

வெளிநாட்டிலிருந்து செத்த வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. அந்தியேட்டிக்கு முன்பே வேலைக்காரரை நீங்களாகக் கூப்பிட்டு, அப்பாவோ அம்மாவோ தர வேண்டியது என்ன என்று கேளுங்கள். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் தொகையை எழுதி எல்லோரும் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். நொத்தாரிசு வேண்டாம், முத்திரை வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒரு கொப்பித் தாள் போதும்.